சர்ச் வாசல்ல 5 படி: மாற்றுத்திறனாளிகள் உள்ளே வர நாம என்ன பண்ணணும்?

(எபிசோடின் ஒலிப்பதிவை, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கிண்டியைச் சுத்தி இருக்கிற ரெண்டு மலையில இருந்து ஆரம்பிக்கலாம். ஒண்ணு சின்னமலை, இன்னொண்ணு பரங்கிமலை. மெட்ரோவுல போனா கிண்டிக்கு முந்தின ஸ்டேஷன் சின்னமலை. அந்தப் பக்கம் ஆலந்தூர் தாண்டினா பரங்கிமலை. ரெண்டுமே இயேசுவோட சீடர் தோமாவோட பேரோட சேர்த்துச் சொல்லப்படுற இடங்கள். பரங்கிமலை உச்சியில இருக்கிற கோயிலைப் போர்ச்சுகீசியர்கள் 1523-ல கட்டினாங்க. மலையோட உயரம் சுமார் 300 அடி.

அந்த மலைக்கு ஏறுற படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தவர் ஒரு அர்மேனிய வியாபாரி. பேர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில அடையாத்து மேல 1726-ல மர்மலாங் பாலம் கட்டினதும் அவர்தான். இன்னைக்கு அதே இடத்துலதான் மறைமலை அடிகள் பாலம் இருக்கு. யோசிச்சுப் பாருங்க. பரங்கிமலைக்கு வர்ற பக்தர்களுக்கு அப்போ ரெண்டு தடை. ஒண்ணு ஆறு, இன்னொண்ணு மலை. ஆத்துக்குப் பாலம், மலைக்குப் படி. கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்னாடி, "ஜனங்க இங்க வந்து சேர என்ன தடையா இருக்கு?"னு கேட்டு, சொந்தக் காசைப் போட்டு அதை எடுத்து விட்டிருக்கார்.

அந்தக் காலத்துக்குப் படிதான் தீர்வு. இப்போ சக்கர நாற்காலியில வர்ற ஒருத்தருக்கு அதே படிதான் தடை. பரங்கிமலைக்கு இன்னைக்கு மேல வரைக்கும் வண்டி போற ரோடு இருக்கு. ஆனா நம்ம தெருவுல, நம்ம ஏரியாவுல இருக்கிற சர்ச்? வாசல்ல 5 படி இருந்தாலே போதும், ஒருத்தர் வெளியில நின்னுடுவார். இன்னைக்கு எபிசோட் அந்த 5 படியைப் பத்தி. அந்தப் படியைத் தாண்டின பிறகு உள்ளே என்ன நடக்குதுங்கிறதைப் பத்தியும்தான்.

எங்க சித்தி ஏன் சர்ச்சுக்கு வர்றதை நிறுத்தினாங்க?

இந்த விஷயத்தை நான் எடுக்கக் காரணம் எங்க சித்தி. சின்ன வயசுல போலியோ. காலுக்குக் காலிப்பர் போட்டு, கையில ஊன்றுகோல் வச்சு நடப்பாங்க. சர்ச் குவையர்ல ஆல்ட்டோ பாடுவாங்க. ஐம்பது வயசு தாண்டினதும் தோள்பட்டை தாங்கல, சக்கர நாற்காலிக்கு மாறினாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சர்ச்சுக்கு வர்றது குறைஞ்சு, ஒரு கட்டத்துல நின்னே போச்சு.

சர்ச்ல என்ன பேசிக்கிட்டாங்க தெரியுமா? "அவங்களுக்கு விசுவாசம் குறைஞ்சிடுச்சு"னு. ஒரு நாள் நானே கேட்டேன். "சித்தி, ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?"

"போடா. சர்ச்சுக்கு வரணும்னா சனிக்கிழமை ராத்திரியில இருந்தே தண்ணி குடிக்காம இருக்கணும். அங்க நான் போற மாதிரி ஒரு பாத்ரூம் கிடையாது. இவ்வளவு வருஷம் அப்படித்தான் வந்தேன். இனிமே உடம்பு தாங்காது."

முப்பது வருஷம் அதே சர்ச். பக்கத்து சீட்ல நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியல, யாருக்கும் தெரியல. எல்லாரும் பாசமாத்தான் இருந்தாங்க. படி வந்தா, "நாலு பேர் சேர்ந்து தூக்கிடலாம்மா"னு ஓடி வருவாங்க. ஆனா ஒவ்வொரு வாரமும் நாலு ஆம்பளைங்க நாற்காலியோட தூக்குறது அவங்களுக்கு எவ்வளவு கூச்சம், கை நழுவினா எவ்வளவு ஆபத்துன்னு யாரும் கேட்கல. ஒருத்தரைத் தூக்கிட்டுப் போறோம்னா, அவர் எப்போ வரணும், எப்போ போகணும்ங்கிற முடிவு நம்ம கைக்கு வந்துடுது.

சட்டம் என்ன சொல்லுது?

"சர்ச் ஒரு தனியார் இடம், சட்டமெல்லாம் ஆபீஸுக்கும் மாலுக்கும்தானே?"னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல "பொதுக் கட்டிடம்"ங்கிற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்காங்க. அரசுக் கட்டிடமோ தனியார் கட்டிடமோ, பொதுமக்கள் வந்து போறதா இருந்தா அது பொதுக் கட்டிடம். அந்தப் பட்டியல்ல மத சம்பந்தமான பயன்பாடும் நேரடியாவே இருக்கு. சர்ச், கோயில், மசூதி, குருத்வாரா எல்லாமே இதுல வரும்.

அந்தச் சட்டத்தோட 44-வது பிரிவுப்படி, விதிமுறைக்கு ஒத்துவராத பிளானுக்குக் கட்டிட அனுமதி கொடுக்கக் கூடாது. 45-வது பிரிவு, ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டிடங்களை விதிகள் வந்த 5 வருஷத்துக்குள்ள எல்லாரும் பயன்படுத்துற மாதிரி மாத்தணும்னு சொல்லுது. விதிகள் வந்தது 2017 ஜூன். அப்படின்னா கெடு 2022-லயே முடிஞ்சு போச்சு.

ஏன் எதுவும் மாறல? ஒரு காரணம், அந்த விதிகள் வெறும் பரிந்துரை மாதிரி நடத்தப்பட்டது. ராஜீவ் ரதூரி, பார்வை மாற்றுத்திறனாளி, 2005-ல சுப்ரீம் கோர்ட்டுல ஒரு வழக்கு போட்டார். அதுல 2024 நவம்பர் 8-ம் தேதி வந்த தீர்ப்பு ரொம்ப முக்கியம். அணுகல் தரங்களைப் பின்பற்றுறது விருப்பமா இருக்க முடியாது, கட்டாயமா இருக்கணும், அதுக்கேத்த மாதிரி விதிகளை எழுதுங்கன்னு மத்திய அரசுக்கு கோர்ட் சொல்லிடுச்சு.

இது எத்தனை பேருக்கான விஷயம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவுல 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டுல மட்டும் சுமார் 11.8 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு எண்ணினது 8 வகைக் குறைபாடுகளை. 2016 சட்டம் 21 வகையை அங்கீகரிக்குது. இதுல மூட்டு தேய்ஞ்ச நம்ம பாட்டி தாத்தா சேரவே இல்ல.

சரிவுப்பாதை: கொஞ்சம் கணக்கு போடலாமா?

"எங்க சர்ச்ல ரேம்ப் இருக்கே"னு சொல்வீங்க. இருக்கும். ஆனா அதுல யாராவது தனியா ஏறிப் பார்த்திருக்காங்களா?

பொதுவான தரம் 1-க்கு 12. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும். வாசல்ல 5 படி, ஒவ்வொண்ணும் அரை அடின்னு வச்சுக்கோங்க. மொத்த உயரம் இரண்டரை அடி. அப்போ சரிவுப்பாதை 30 அடி நீளம் இருக்கணும். நாம பார்க்கிறது பெரும்பாலும் 8 அடி, 10 அடிதான். அது ஸ்கூட்டியை ஏத்த சரி. சக்கர நாற்காலியில ஏறினா பின்னாடி சாயும், இறங்கும்போது கட்டுப்பாடு போயிடும். 30 அடி நேரா போட இடம் இல்லன்னா, நடுவுல சமதளம் விட்டு மடக்கிக் கொண்டு வரலாம். பாதை நீளமா இருந்தா, எப்படியும் 30 அடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்க ஒரு சமதளம் வேணும்.

இன்னும் சில அளவுகள். பாதையோட அகலம் குறைஞ்சது 4 அடி. ரெண்டு பக்கமும் கைப்பிடி. கதவு திறந்தா 3 அடி இடைவெளி. நாற்காலி திரும்ப 5 அடி வட்டம். தரையில பளபளன்னு டைல்ஸ் வேண்டாம், மழையில வழுக்கும்.

இதெல்லாம் சரியா கட்டினாலும் கெடுக்கிறது மூணு விஷயம். பாதையோட அடியில பைக்கை நிறுத்துறது. அந்தப் பக்கத்துக் கதவைப் பூட்டி, சாவியைக் கோயில் பிள்ளை கையில கொடுத்து வைக்கிறது. திருவிழா பந்தல் கம்பத்தை அங்கேயே நடுறது. இந்த மூணையும் சரி பண்ண பத்து பைசா செலவு இல்ல.

அடுத்தது டாய்லெட். சித்தி சொன்னது ஞாபகம் இருக்கட்டும். பாதை இருந்து டாய்லெட் இல்லன்னா, அது அரை மணி நேரத்துக்கு மட்டும் கொடுத்த அழைப்பு. கதவு வெளிப்பக்கம் திறக்கணும், இல்லன்னா ஸ்லைடிங்கா இருக்கணும். வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்துல பிடிச்சுக்கக் கம்பி. முக்கியமா, அதை ஸ்டோர் ரூம் ஆக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் குடில் சாமானும் துடைப்பமும் வைக்க வேற இடம் பாருங்க.

உள்ளே வந்தாச்சு. எங்கே உட்காரணும்?

பெரும்பாலும் சக்கர நாற்காலிக்குக் கிடைக்கிறது கடைசி வரிசைக்குப் பின்னாடி, இல்லன்னா நடுப்பாதையில. ஒண்ணு, எதுவும் தெரியாது. இன்னொண்ணு, எல்லாரும் இடிச்சுக்கிட்டுப் போவாங்க. சுலபமான வழி: நடு வரிசைகள்ல ரெண்டு மூணு பெஞ்சோட ஓரத்தை 3 அடி வெட்டிக் குறைக்கிறது. அப்போ அவர் தன் குடும்பத்தோட, அதே வரிசையில உட்காரலாம்.

நற்கருணை, திருவிருந்து நேரத்துல "நீங்க வர வேண்டாம், நாங்களே கொண்டு வர்றோம்"னு சொல்றது நல்ல எண்ணம்தான். ஆனா முன்னாடி கேளுங்க. சிலருக்கு அது நிம்மதி. சிலருக்கு எல்லாரோடயும் வரிசையில போறதுதான் முக்கியம்.

காது கேட்குறதுல பிரச்சினை உள்ளவங்களுக்கு, சத்தத்தைக் கூட்டினா போதும்னு நினைக்கிறோம். உயரமான கூரை, கல் சுவர் இருக்கிற கட்டிடத்துல சத்தத்தைக் கூட்டினா எதிரொலியும் கூடும். காதுக்கருவி ரெண்டையும் சேர்த்துத்தான் பெருசாக்கும், வார்த்தை புரியாது. இதுக்கு ஹியரிங் லூப்னு ஒண்ணு இருக்கு. உட்காருற இடத்தைச் சுத்தி ஒரு கம்பிச் சுருள் போட்டு, மைக்ல வர்ற ஒலியை அதுக்குள்ள அனுப்புவாங்க. டி-காயில் வசதி இருக்கிற காதுக்கருவிக்கு அந்த ஒலி நேரடியா போகும், நடுவுல எதிரொலி இருக்காது. அதுக்கு முன்னாடி இன்னும் சிம்பிளா ஒண்ணு: பேசுறவர் முகத்துல வெளிச்சம் படணும், மைக் வாயை மறைக்கக் கூடாது. உதட்டசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறவங்க நிறைய பேர்.

முழுக்கக் காது கேளாதவங்களுக்கு இந்திய சைகை மொழி. அது தமிழைக் கையால எழுதிக் காட்டுறது கிடையாது, தனி இலக்கணம் உள்ள மொழி. மொழிபெயர்ப்பாளரை ஒரு மூலையில நிறுத்தாம, பேசுறவர் பக்கத்துல வெளிச்சத்துல நிறுத்தணும். பிரசங்கக் குறிப்பை அவங்களுக்கு முந்தின நாளே கொடுக்கணும்.

ஆனா மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் ஒரு இடத்துல சிக்கல் வரும்: பாவசங்கீர்த்தனம். உங்க அந்தரங்கத்தை மூணாவது ஆள் மூலமா சொல்வீங்களா? அதனாலதான் 2024 மே மாசம் கேரளாவுல நடந்த ஒரு குருப்பட்டம் பெரிய செய்தி ஆச்சு. திருச்சிலுவை சபையைச் சேர்ந்த ஜோசப் தேர்மடம், பிறவியிலேயே காது கேளாதவர், திருச்சூர்ல குருவானார். இந்தியாவுல அப்படி ஒருத்தர் குருவானது அதுதான் முதல் தடவை. இனி ஒரு காது கேளாதவர் தன் மொழியிலேயே, நடுவுல யாரும் இல்லாம பேசலாம்.

பார்வை இல்லாதவங்களுக்கு நம்ம ஜெனரேஷன் உடனே பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. பாட்டுத்தாளை ஸ்கேன் பண்ணி போட்டோவா வாட்ஸ்அப் குரூப்ல போடுறோம் இல்ல? போன்ல இருக்கிற ஸ்கிரீன் ரீடரால அதை நம்பிப் படிக்க முடியாது. பழைய பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்ச ஃபைலும் அப்படித்தான், வாசிச்சா குப்பையா வரும். யூனிகோடு தமிழ்ல டைப் பண்ணி அனுப்பினா போன் அப்படியே வாசிச்சுக் காட்டும். அவங்க வீட்டுலயே பாட்டைக் கத்துக்கிட்டு வந்து நம்மளை விட நல்லா பாடுவாங்க.

ஆட்டிசம் உள்ள குழந்தைங்களுக்கு டிரம்ஸ், மணி, சாம்பிராணி, வெடி எல்லாம் சேர்ந்தா தாங்க முடியாது. ஒரு அமைதியான அறை, அங்க ஒரு ஸ்பீக்கர் குறைஞ்ச சத்தத்துல. அதுவும் முக்கியம், குழந்தை சத்தம் போட்டா திரும்பிப் பார்த்து முறைக்காம இருக்கிறது. அந்தப் பார்வையாலதான் பல அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுலயே இருந்துடுறாங்க.

"உங்களுக்காக ஜெபம் பண்ணவா?"

இது கொஞ்சம் சங்கடமான பகுதி. சக்கர நாற்காலியில ஒருத்தர் வந்தவுடனே, பேர் கூட கேட்காம தலையில கை வச்சு, குணமாகணும்னு சத்தமா ஜெபிக்கிறவங்க உண்டு. குணமாகலன்னா "விசுவாசம் பத்தல", இல்லன்னா "குடும்பத்துல ஏதோ பாவம்". பாத்ரூம் இல்லாததால வராம போன எங்க சித்திக்கும் கிடைச்சது இந்தப் பட்டம்தான்.

யோவான் எழுதின சுவிசேஷத்துல 9-வது அதிகாரத்தைப் படிச்சுப் பாருங்க. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருத்தரைப் பார்த்து, இது யார் செஞ்ச பாவம்னு சீடர்கள் கேட்கிறாங்க. இவரும் இல்ல, இவரோட பெத்தவங்களும் இல்லன்னு இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிடுறார். மாற்கு 2-ல நாலு பேர் நண்பனைத் தூக்கிட்டு வர்றாங்க, வாசல்ல கூட்டம், வழி இல்ல. அவங்க நண்பனைத் திருப்பிக் கூட்டிட்டுப் போகல. கூரையைப் பிரிச்சாங்க. மாத்தப்பட்டது கட்டிடம்.

நான்சி ஐஸ்லண்ட்னு ஒரு அமெரிக்க இறையியலாளர். அவங்களும் ஒரு மாற்றுத்திறனாளி. 1994-ல வெளிவந்த அவங்க புத்தகத்துல ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினாங்க. உயிர்த்தெழுந்த இயேசுவோட உடம்புல காயங்கள் அப்படியே இருந்தது. மகிமையான உடம்புன்னா தழும்பே இல்லாத உடம்புன்னு நாம நினைக்கிறது சரிதானான்னு கேட்டாங்க. அந்தக் காயத்தைத் தொட்டுப் பார்க்கணும்னு அடம் பிடிச்சது யாரு? தோமா. நம்ம ரெண்டு மலையும் யார் பேரைச் சொல்லுதோ, அதே தோமா.

ஜெபம் பண்ண ஆசையா இருந்தா தப்பில்ல. மொதல்ல பேரைக் கேளுங்க. அப்புறம், "எதுக்காக ஜெபிக்கட்டும்?"னு கேளுங்க. "என் பையனுக்குப் பரீட்சை"ன்னு பதில் வரலாம்.

வரவேற்பு மட்டும் போதுமா?

தமிழ்நாட்டு சர்ச்சுக்கு இந்த விஷயத்துல நல்ல வரலாறு இருக்கு. பாளையங்கோட்டையில பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாதோருக்கு ஃப்ளோரன்ஸ் ஸ்வைன்சனும் 1890-கள் வாக்குல ஆரம்பிச்ச பள்ளி வேலை இன்னைக்கும் தொடருது. ஆனா பள்ளி நடத்துறது ஒண்ணு, பக்கத்துல உட்கார வைக்கிறது இன்னொண்ணு. வாசகம் வாசிக்கிற இடத்துக்கு மூணு படி இருக்கா? மைக் ஸ்டாண்டை இறக்க முடியுமா? குவையர் இருக்கிறது மாடியிலயா? பங்குப்பேரவையில, பாஸ்டரேட் கமிட்டியில ஒரு மாற்றுத்திறனாளி இருக்காரா? அவங்க உதவி வாங்க மட்டும் வர்றாங்களா, பாடவும் பாடம் எடுக்கவும் முடிவெடுக்கவும் வர்றாங்களா?

"பழைய கட்டிடம், கை வைக்க முடியாது"னு ஒரு பதில் வரும். சின்னமலையில இருக்கிற பாறைக் குகையை யாரும் இடிச்சு அகலமாக்கச் சொல்லல. ஆனா வாசலுக்கு மரத்துலயோ இரும்புலயோ கழட்டி மாட்டுற சரிவுப்பாதை போட்டா சுவருக்கு எந்தச் சேதமும் இல்ல.

ஒரு தடவை கட்டிட்டு மறந்துடவும் கூடாது. மெரினாவுல முன்னாடி மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி சில நாளைக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவாங்க. 2022 நவம்பர் 27-ல 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை வந்துச்சு. ரெண்டே வாரத்துல மாண்டஸ் புயல் அதுல ஒரு பகுதியைப் பிச்சுப் போட்டுடுச்சு. சரி பண்ணித் திரும்பத் திறந்தாங்க. பராமரிக்கணும், அவ்வளவுதான்.

இந்த ஞாயிறு நீங்க பண்ணக்கூடியது

ஒரு இன்ச் டேப், ஒரு நோட்டு, ரெண்டு நண்பர்கள். பஸ் ஸ்டாப்புல இருந்து ஆரம்பிங்க: நடைபாதை, கேட், வாசல், கதவு, பெஞ்ச், பீடம், டாய்லெட், அசனம் போடுற ஹால். எங்க படி, எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலம்னு எழுதுங்க. கூட ஒரு மாற்றுத்திறனாளியை அழைச்சுக்கிட்டுப் போங்க, அவங்க பார்க்கிறது நமக்குத் தெரியாது. கோட்டூர்புரத்துல இயங்குற வித்யாசாகர் மாதிரி, இந்த அனுபவம் உள்ள அமைப்புகள் நம்ம பக்கத்துலயே இருக்கு.

அப்புறம் பங்குத்தந்தையோ ஆயரோ பாஸ்டரோ, அவர்கிட்ட மூணு பட்டியலோட போங்க. காசே இல்லாம இந்த வாரம் முடியுறது. சில ஆயிரத்துல இந்த வருஷம் முடியுறது. பெரிய செலவு, அடுத்த பட்ஜெட்ல போட வேண்டியது. "அணுகல் வசதி வேணும்"னு பொதுவா சொன்னா தலையாட்டிட்டு விட்டுடுவாங்க. "30 அடி பாதை, கிழக்கு வாசல், இதுதான் எஸ்டிமேட்"னு சொன்னா பதில் சொல்லித்தான் ஆகணும்.

கடைசியா ஒண்ணு. உங்க சர்ச்ல யாராவது வர்றதை நிறுத்தியிருக்காங்களா? இன்னைக்கே போன் பண்ணுங்க. "ஏன் வரல?"னு கேட்டா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். "நீங்க வர நாங்க எதை மாத்தணும்?"னு கேளுங்க.

நான் கேட்டேன். சித்தி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொன்னாங்க: "மொதல்ல அந்த பாத்ரூம் கதவை மாத்துங்கடா. அப்புறம் ஆல்ட்டோவுக்கு ஆள் இருக்காங்களான்னு கேட்டுச் சொல்லு."

கதவு அளவு எடுத்தாச்சு. ஆல்ட்டோவுக்கு ஆள் இல்ல.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.